எத்தனை டிகிரி மட்டுமல்ல, எத்தனை மணி நேரம்: வேதிப்பொருள்களின் வெப்பத் தாங்குதிறனை டி.ஜி.ஏ., டி.எஸ்.சி. கொண்டு அளப்பது எப்படி

ஏ.ஐ.பி.என். என்று ஆலைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் அசோபிஸ் ஐசோபியூட்டைரோநைட்ரைல், பலபடியாக்க வினையைத் தொடங்கி வைக்கும் வெள்ளைத் தூள். சரக்குப் போக்குவரத்து விதிகளின்படி இதை 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போகவிடக்கூடாது. 45 டிகிரியைத் தொட்டால் அவசர நடவடிக்கை. அக்னி நட்சத்திரக் காலத்தில் கடலூர் சிப்காட்டில் தகரக் கூரை போட்ட கிடங்குக்குள் நடுப்பகலில் நின்றவர்களுக்கு அந்த 45 டிகிரி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். இன்னொரு பக்கம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. குளிரூட்டிய அறையில் வைத்துக் காக்க வேண்டிய பெராக்சைடோ, கலக்கியும் குளிர்நீரும் நின்றுபோன வினைகலனோ இருந்தால், ஆலைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நமக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது?

வெப்பப் பகுப்பாய்வு பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் அதுதான். ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் "210 டிகிரி வரை நிலையானது" என்று ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த 210 பொருளின் குணம் அல்ல. அந்தக் கிண்ணத்தில், அந்தச் சூடேற்றும் வேகத்தில், அந்த வாயுவில், அத்தனை மில்லிகிராமுக்குக் கிடைத்த அளவு அது. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் எண் மாறும். ஆகவே இந்த வழிகாட்டியில் கருவியை ஓட்டுவதைக் காட்டிலும், எண்ணை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்பதற்குத்தான் அதிக இடம்.

இரண்டு கருவிகள்

டி.ஜி.ஏ. என்பது உலைக்குள் தொங்கும் தராசு. சூடேற்றும்போது எடை எப்படிக் குறைகிறது என்று சொல்லும். டி.எஸ்.சி. வெப்பத்தை அளக்கும்: மாதிரிக் கிண்ணத்தையும் காலிக் கிண்ணத்தையும் ஒன்றாகச் சூடேற்றி, மாதிரி எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது அல்லது உமிழ்கிறது என்று வளைவில் பள்ளமாகவோ முகடாகவோ காட்டும். ஆபத்தைச் சொல்வது டி.எஸ்.சி.தான். எடை குறையாமலே ஒரு பொருள் கிராமுக்கு ஆயிரம் ஜூல் உமிழலாம். டி.ஜி.ஏ. வளைவை மட்டும் பார்த்துப் பாதுகாப்பு முடிவு எடுப்பது பெரும் தவறு. சொந்தக் கருவி இல்லாத சிறு ஆலைகள் பல்கலைக்கழகக் கருவியகங்களில் கட்டணம் கட்டி ஓட்டிக்கொள்ளலாம். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு மையக் கருவியகம் உண்டு. அப்படிக் கொடுக்கும்போது எந்தக் கிண்ணம், என்ன வேகம், என்ன வாயு என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அங்கே வழக்கமாகப் போடும் திறந்த அலுமினியக் கிண்ணத்தில்தான் ஓடும்.

படி 1: மாதிரி எடுப்பது

ஆலையில் உண்மையில் சூடாவது எதுவோ அதை எடுங்கள். வடிகலனின் அடியில் தங்கும் தார் போன்ற மிச்சத்தில்தான் ஆபத்து இருக்கும். அதை விட்டுவிட்டுத் தூய்மையாக்கிய படிகத்தைச் சோதித்துப் பயனில்லை. இரும்புத் துரு, மிஞ்சிய அமிலம், பழைய தொகுதியின் எச்சம் ஆகியவை சிதைவைப் பல பத்து டிகிரி கீழே இழுக்கும். சந்தேகம் இருந்தால் அதே மாதிரியில் 1 சதவீதம் துருத்தூள் சேர்த்து இன்னொரு ஓட்டம் போட்டு ஒப்பிடுங்கள்.

புதிய பொருளாக இருந்தால் உரலில் இட்டு அரைக்காதீர்கள். நைட்ரோ, அசைடு, டயசோனியம், பெராக்சைடு, டெட்ரசோல் அணுத்தொகுதிகள் உள்ள பொருள்கள் உரசலுக்கே வெடிக்கக்கூடும். டி.எஸ்.சி.யில் முதல் ஓட்டத்துக்கு 1 மில்லிகிராம் போதும். முகடு அமைதியாக இருந்தால் அடுத்ததற்கு 2 முதல் 5 மி.கி. வரை போகலாம். 10 மி.கி. போட்டால் முகடு பெரிதாகத் தெரியும் என்பது சரிதான். கிண்ணம் பிளந்து உணரியோடு போய்விடும் என்பதும் சரிதான்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் காற்றே ஈரமாக இருக்கும். தானியங்கி மாதிரித் தட்டில் காலையில் அடுக்கிவைத்த கிண்ணங்கள் மாலைக்குள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். டி.ஜி.ஏ.யில் 100 டிகிரிக்குள் ஒரு சிறு இறக்கம் தெரிந்து, அதைப் படிகநீர் என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு மாதிரியையும் ஓட்டுவதற்குச் சற்று முன்புதான் எடையிடுங்கள். மிச்சத்தை நீலநிறம் மாறாத சிலிக்கா ஜெல் உள்ள உலர்கலத்தில் வையுங்கள்.

படி 2: கருவியைச் சரிபார்ப்பது

டி.எஸ்.சி.க்கு இண்டியம். உருகுநிலை 156.6 டிகிரி, உருகு வெப்பம் கிராமுக்கு சுமார் 28.5 ஜூல். உயர் வெப்பநிலைக்கு வெள்ளீயமோ துத்தநாகமோ சேர்த்துக்கொள்ளுங்கள், முன்னது 231.9, பின்னது 419.5 டிகிரியில் உருகும். எந்த வேகத்தில் மாதிரியை ஓட்டப் போகிறீர்களோ அதே வேகத்தில், அதே வகைக் கிண்ணத்தில் சரிபார்க்க வேண்டும். கனமான அழுத்தக் கிண்ணத்தில் வெப்பம் உணரியை அடையத் தாமதமாகும். மெல்லிய அலுமினியத்தில் செய்த அளவுத்திருத்தம் அதற்குச் செல்லாது.

டி.ஜி.ஏ.க்குக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்டை விடச் சிறந்த சோதனை இல்லை. மூன்று படிகளில் இறங்கும்: முதலில் நீர் 12.3 சதவீதம், பிறகு கார்பன் மோனாக்சைடு 19.2, கடைசியில் கார்பன் டைஆக்சைடு 30.1. எஞ்சும் சுண்ணாம்பு 38.4 சதவீதம். இந்த எண்கள் வந்தால் தராசு சரி. வெப்பநிலை சரியா என்பதை இது சொல்லாது. அதற்கு நிக்கல் போன்ற உலோகத்தின் கியூரி வெப்பநிலையை, அதாவது காந்தத்தன்மை மறையும் வெப்பநிலையை, பயன்படுத்த வேண்டும்.

காலிக் கிண்ணத்தோடு ஒரு வெற்று ஓட்டம் கட்டாயம். சூடாகும்போது உலைவாயுவின் அடர்த்தி குறைவதால் மிதப்பு விசையும் குறையும். எடை கூடுவதுபோல் தெரியும். 5 மி.கி. மாதிரியில் இது அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. வெற்று ஓட்டத்தைக் கழித்த பிறகே சதவீதம் எழுதுங்கள்.

படி 3: கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான தவறுகள் பிறப்பது இங்கேதான்.

மூடியில் ஊசித்துளை இட்ட அலுமினியக் கிண்ணம் உருகுநிலை பார்க்க நல்லது. சிதைவு பார்க்க அது உதவாது. 150 டிகிரியில் மாதிரியோ அதில் ஒட்டிய கரைப்பானோ ஆவியாகத் தொடங்கினால் வெப்பம் உறிஞ்சும் பள்ளம் ஒன்று உருவாகி, அதே இடத்தில் எழ வேண்டிய உமிழ்வு முகட்டை விழுங்கிவிடும். வளைவு அமைதியாகத் தெரியும். மூடிய வினைகலனில் ஆவி வெளியேற வழியில்லை. அங்கே அதே பொருள் அமைதியாக இருக்காது.

சாதாரணமாக அழுத்தி மூடிய அலுமினியக் கிண்ணம் 2, 3 பார் அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும். ஆகவே சிதைவுச் சோதனைக்கு 100 பாருக்கு மேல் தாங்கும் தங்கமுலாம் பூசிய எஃகுக் கிண்ணம் வேண்டும். விலை அதிகம்தான், மலிவான கிண்ணத்தில் எடுத்த வளைவை வைத்துப் பாதுகாப்பு வரம்பு எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. உலோகம் பட்டாலே சிதையும் பெராக்சைடுகளுக்குக் கண்ணாடிக் குப்பிகள் உண்டு. குளோரின் கொண்ட சேர்மங்களும் அமிலங்களும் சூட்டில் அலுமினியத்தோடு வினைபுரிந்து பொய்யான உமிழ்வு முகட்டைத் தரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் 600ஐத் தாண்டவே கூடாது.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூடிய கிண்ணத்தை எடையிடுங்கள். ஒரு நிமிட வேலை. எடை குறைந்திருந்தால் கிண்ணம் கசிந்திருக்கிறது. அந்த வளைவின் பரப்பை எந்த அறிக்கையிலும் எழுதாதீர்கள்.

டி.ஜி.ஏ.யில் அலுமினாக் கிண்ணம் பொதுவாகப் பாதுகாப்பானது. பிளாட்டினம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், கழுவுவதும் எளிது. ஆனால் ஈயம், வெள்ளீயம், பாஸ்பரஸ் உள்ள மாதிரி அதைத் துளைத்துவிடும். சில பொருள்களுக்குப் பிளாட்டினமே வினையூக்கியாகவும் ஆகிவிடும்.

படி 4: ஓட்டம்

டி.எஸ்.சி.: 30 டிகிரியில் 5 நிமிடம் நிறுத்தி, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 400 வரை. நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மி.லி. சோதனைத் தரமுறைகள் வெளியிடும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் ஈ537 முறையும் இதைப் போன்றதுதான். உமிழ்வு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதை வரைபடத்திலேயே குறியுங்கள். கருவிக்குக் கருவி இது மாறும்.

டி.ஜி.ஏ.: 5 முதல் 10 மி.கி., கிண்ணத்தின் அடியில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். குவியலாகக் கிடந்தால் வாயு வெளியேறத் தாமதமாகி வளைவு வலப்பக்கம் நகரும். தொடங்கும் முன் அரைமணி நேரமாவது நைட்ரஜன் ஓடட்டும். கரி எஞ்சிய பிறகும் நைட்ரஜனில் எடை மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால், எங்கோ காற்று நுழைகிறது. முதலில் பார்க்க வேண்டியது உலையின் ரப்பர் வளையத்தை. அதே மாதிரியைக் காற்றிலும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு வளைவுகளும் பிரியும் இடத்தில்தான் ஆக்சிஜனேற்றம் தொடங்குகிறது. உலர்த்தியில் சூடான காற்றுப் படும் தூள்களுக்கு அந்த இடம்தான் முக்கியம்.

எடை இறங்கியது சிதைவாலா, ஆவியானதாலா? டி.ஜி.ஏ.யால் தனியாகச் சொல்ல முடியாது. திறந்த கிண்ணத்திலும், ஊசித்துளை மூடியிட்ட கிண்ணத்திலும் ஓட்டிப் பாருங்கள். மூடியிட்டதும் இறக்கம் வெகுவாக வலப்பக்கம் தள்ளிப்போனால் பெரும்பகுதி ஆவிதான். இன்னொரு வழி கணக்கு: ஏ.ஐ.பி.என். சிதையும்போது ஒரு மூலக்கூறுக்கு ஒரு நைட்ரஜன் மூலக்கூறு போகும், அது 17 சதவீதம். திறந்த கிண்ணத்தில் அதைவிட மிக அதிகமாக இழந்தால், மற்ற விளைபொருள்களும் ஆவியாகிப் போகின்றன என்று பொருள்.

பி.வி.சி. ஓட்டுபவர்களுக்கு

கடலூரில் பி.வி.சி. பிசின் தயாராவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.வி.சி. முதல் கட்டத்தில், ஏறத்தாழ 250 முதல் 350 டிகிரிக்குள், ஹைட்ரஜன் குளோரைடை விடும். மூலக்கூறு எடைக் கணக்கில் தூய பிசினுக்கு இது 58 சதவீதம். 400க்கு மேல் எஞ்சிய சங்கிலி உடையும். நிலைப்படுத்திகளை ஒப்பிட வேகமான ஓட்டம் உதவாது. 180 அல்லது 200 டிகிரியில் நிறுத்திவைத்து, எடை இறங்கத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். குழாய் வார்க்கும் எந்திரத்தில் பிசின் படும் வெப்பத்துக்கு இதுவே நெருங்கிய சோதனை.

வெளியேறும் அமிலவாயு தராசின் நுண்ணிய பாகங்களை அரித்துவிடும். 5 மி.கி.க்கு மேல் போடாதீர்கள். தராசு அறைக்குப் போகும் நைட்ரஜனைக் குறைக்காதீர்கள். வெளிவரும் குழாயை நேரே காஸ்டிக் கரைசலில் முக்காமல், நடுவே ஒரு காலிக் குடுவை வையுங்கள். உலை குளிரும்போது கரைசல் உள்ளே இழுக்கப்பட்டால் அது குடுவையோடு நிற்கும். ஓட்டம் முடிந்ததும் வாயுவை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள்.

படி 5: வளைவைப் படிப்பது

டி.எஸ்.சி. முகட்டிலிருந்து மூன்றை எடுங்கள்: அடிக்கோட்டிலிருந்து வளைவு முதலில் விலகும் இடம், முகட்டின் ஏறுசரிவுக்கு வரைந்த தொடுகோடு அடிக்கோட்டைச் சந்திக்கும் இடம், மொத்தப் பரப்பு. முதல் இரண்டுக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்று சொல்லாமல் "தொடக்கம்" என்று மட்டும் எழுதுவதுதான் இந்தத் துறையின் பெரிய குழப்பம்.

பரப்பைத் தன்வெப்பத்தால், அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்ற வேண்டிய வெப்பத்தால், வகுத்துப் பாருங்கள். கிராமுக்கு 800 ஜூல் உமிழும் பொருளின் தன்வெப்பம் 2 ஜூல் என்றால், வெப்பம் வெளியேற வழியில்லாத கலனில் அது தன்னைத்தானே 400 டிகிரி ஏற்றிக்கொள்ளும். பொருள் என்ன செய்யவல்லது என்பதை எந்தத் தொடக்க வெப்பநிலையையும் விட இந்த ஓர் எண் தெளிவாகச் சொல்கிறது. ஐ.நா. சோதனைக் கையேட்டிலும் வடிகட்டும் எல்லைகள் ஆற்றலை வைத்தே இருக்கின்றன: கரிமப் பொருளின் சிதைவு ஆற்றல் கிராமுக்கு 500 ஜூலுக்குக் குறைவாகவும், தொடக்கம் 500 டிகிரிக்குக் கீழும் இருந்தால் வெடிபொருள் வகைச் சோதனை தேவையில்லை, தன்வினைப் பொருளா (காற்றில்லாமலே தானாகச் சிதைந்து சூடாகக்கூடியதா) என்று பார்க்க எல்லை 300 ஜூல்.

படி 6: மணி நேரமாக மாற்றுவது

ஒரே மாதிரியை நிமிடத்துக்கு 2, 5, 10, 20 டிகிரி என நான்கு வேகங்களில் ஓட்டுங்கள். வேகம் கூடக்கூட மாதிரியின் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கணக்கு விளங்க, முகடுகள் 188.0, 199.5, 208.5, 218.0 டிகிரியில் வந்தன என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொன்றோடும் 273.15 கூட்டிக் கெல்வினாக்குங்கள். சூடேற்ற வேகத்தை அந்த வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து இயற்கை மடக்கை எடுங்கள். அது செங்குத்து அச்சு. கிடை அச்சில் ஒன்றை வெப்பநிலையால் வகுத்த எண். நான்கு புள்ளிகளும் நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்வை வாயு மாறிலியான 8.314ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் கிளர்வு ஆற்றல் (சிதைவு நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) ஜூலில் வரும். இங்கே அது மோலுக்கு 137 கிலோஜூல். 1957இல் கிஸ்ஸிஞ்சர் தந்த முறை இது. புள்ளிகள் வளைந்து விழுந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் நடக்கின்றன; ஓர் எண்ணை வலிந்து எடுக்காதீர்கள்.

முதல்படி வினை (எஞ்சிய பொருளின் அளவுக்கு ஏற்ற வேகத்தில் சிதைவது) என்று கொண்டால் இந்த எண்களிலிருந்து அரைவாழ்வு கிடைக்கும். 10 டிகிரி வேகத்தில் இதே பொருளின் தொடுகோட்டுத் தொடக்கம் 172 டிகிரி வாக்கில் இருக்கும். அதற்கு 32 டிகிரி கீழே, 140இல், பாதிப் பொருள் சிதைய 4.7 மணி நேரம்தான் ஆகும். 120இல் 35 மணி நேரம். 80இல் சுமார் 167 நாள்.

குளிரூட்டல் நின்ற கலனுக்கு அரைவாழ்வு போதாது. சிதைவின் வெப்பமே கலனைச் சூடேற்றிச் சிதைவை விரைவாக்கும். அங்கே வேண்டியது உச்ச வேகத்தை எட்ட ஆகும் நேரம். தன்வெப்பம், 8.314, கெல்வின் வெப்பநிலையின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, அந்த வெப்பநிலையில் ஒரு கிலோ உமிழும் வாட்டையும் கிளர்வு ஆற்றலையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் விநாடிகளில் விடை வரும். தன்வெப்பத்தைக் கிலோவுக்கு 2000 ஜூல் என்றே போடுங்கள். நம் உதாரணப் பொருள் மேலே சொன்னதுபோல் கிராமுக்கு 800 ஜூல் உமிழ்வது என்றால் 100 டிகிரியில் 10 மணி நேரம், 80இல் நாலரை நாள். 24 மணி நேரம் கிடைக்கும் வெப்பநிலை 92 டிகிரி. 208இல் முகடு தந்த பொருளுக்கு ஆலை நினைவில் வைக்க வேண்டிய எண் 92.

தொடக்கத்திலிருந்து நூறு டிகிரி கழித்தால் பாதுகாப்பு என்ற பழைய விதி இங்கே 72 என்று சொல்லித் தப்பிக்கிறது. கிளர்வு ஆற்றல் 80, 90 கிலோஜூல் உள்ள பொருளில் அந்த விதி தவறிவிடும். அதைச் சட்டமாகக் கொள்ளாதீர்கள்.

கணக்கைச் சரிபார்க்கவும் வழி உண்டு; ஏ.எஸ்.டி.எம். ஈ698 சொல்லும் வழி இது. அரைவாழ்வு ஒரு மணி நேரமாக வரும் வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். நம் பொருளுக்கு 157. மூடிய கிண்ணத்தை அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து, குளிரவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முகட்டின் பரப்பு பாதியாகியிருக்க வேண்டும். பாதிக்கும் வெகுவாகக் குறைந்திருந்தால் உங்கள் எண்கள் ஆபத்தைக் குறைத்துக் காட்டுகின்றன.

படி 7: தன்வினையூக்கம் இருக்கிறதா

நைட்ரோ அரோமேட்டிக் சேர்மங்கள் பலவும் இப்படித்தான்: சிதைவின் விளைபொருளே அடுத்த சிதைவை ஊக்கும். ஏறும் வெப்ப ஓட்டத்தில் முகடு குறுகலாக, செங்குத்தாக எழும். பார்க்கப் பாதுகாப்பான பொருள்போல் தொடக்கம் உயரத்தில் இருக்கும். கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒரே வெப்பநிலையில் நிறுத்திவைத்துப் பார்ப்பது. தொடக்கத்துக்கு 30 முதல் 50 டிகிரி கீழே பல மணி நேரம் வையுங்கள். சாதாரணச் சிதைவில் வெப்ப உமிழ்வு முதலிலேயே அதிகமாக இருந்து தணியும். தன்வினையூக்கத்தில் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மணி வடிவில் எழும்பும். அப்படித் தெரிந்தால் மேலே போட்ட முதல்படிக் கணக்கு செல்லாது. வெப்பத்தில் ஏற்கெனவே எத்தனை மணி நேரம் இருந்தது என்ற வரலாறும் அந்தப் பொருளின் ஆபத்தில் சேர்ந்துவிடும். நேற்று இரவு மின்தடையில் சூடாகவே கிடந்த தொகுதி, புதிதாகத் தயாரித்த தொகுதிபோல் நடந்துகொள்ளாது.

இத்தகைய பொருளுக்கும், கிராமுக்கு 500 ஜூலைத் தாண்டியதற்கும் சில மில்லிகிராம் சோதனையோடு நிற்காதீர்கள். சூடேற்றி, காத்திருந்து, தேடும் முறையில் இயங்கும் ஏ.ஆர்.சி. கருவியில் சில கிராம் அளவில் அழுத்தத்தையும் சேர்த்து அளக்க அனுப்புங்கள்.

அறிக்கையில்

மாதிரி எந்தத் தொகுதி, எந்த நாளில் எடுத்தது, எடை முன்னும் பின்னும், கிண்ண வகை, வாயுவும் ஓட்ட அளவும், வேகம், இண்டியம் சரிபார்த்த தேதியும் கிடைத்த எண்ணும், தொடக்கம் எந்த முறையில் எடுத்தது, பரப்பு, 24 மணி நேர வெப்பநிலை. அதோடு கலனுக்கு அருகே தொங்கும் பலகைக்குத் தமிழில் இரண்டு வரி: எத்தனை டிகிரியில் சூடேற்றலை நிறுத்த வேண்டும், எத்தனை டிகிரியில் ஆட்கள் வெளியேற வேண்டும். மூலப்பொருள் தருபவர் மாறினாலோ, கரைப்பான் மாறினாலோ, வடித்தலில் மிச்சத்தை இன்னும் கெட்டியாக்க முடிவெடுத்தாலோ அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு படி 1இலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.